நாமா, நாங்களா

இடது காதில் செலின் அக்கா பேசுகிறாள். வலது காது காலி, அது சித்தப்பாவுக்கு. "ஒரு காதுல மாட்டுனாப் போதும் அம்முணி, நான் கூப்டாக் கேக்கோணும்" என்று ஒரு பக்கத்து இயர்போனை அவரே உருவி என் மடியில் போட்டுவிட்டுக் காரைவிட்டு இறங்கினார். எங்கள் தீவனக் குடோனுக்கு எதிரில் வேப்பமரத்தடியில் கார் நிற்கிறது. ஏசி ஓடியும் கண்ணாடியைத் தாண்டி வாடை வருகிறது, கருவாடும் சோளமாவும் கலந்த கோழித்தீவன வாடை, எங்கள் வீட்டுத் துணியிலெல்லாம் இருப்பது, பள்ளிக்கூடத்தில் ஒருத்தி மூக்கைப் பொத்தும்வரை அது வாடை என்றே எனக்குத் தெரியாது. "மக்களே, ஒருத்தர் பேசி முடிச்ச பொறவு அடுத்தவங்க பேசுங்க, சந்தக்கடை ஆக்கப்பிடாது கேட்டியளா." செலின் அக்கா நாகர்கோவில், அந்தக் 'கேட்டியளா'வை மூக்கில் ஏற்றி இறக்குவாள், வாயைத் திறக்காமல் நாக்கை மட்டும் அசைத்துப் பார்க்கிறேன், வருகிறது. எல்லாம் வரும் எனக்கு. வரதன் சார், சென்னை, பேங்க் ஆபீசர்: "ஆக்சுவலா பாத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து எச்சில் விழுங்கிவிட்டுத்தான் அடுத்த வார்த்தைக்குப் போவார், அந்த எச்சிலோடு சேர்த்து எனக்கு வரும். கிரைண்டர் நிற்கும்போது போடும் கடைசி முனகல் வரும். எங்கள் ஹெட்மாஸ்டர் மைக்கைத் தட்டிப் பார்ப்பது வரும், ஒருநாள் பிரேயரில் அதைச் செய்து எழுநூறு பேரை அட்டென்ஷனில் நிற்க வைத்தேன், ஹெட்மாஸ்டரே நின்றார். பேரு மௌனிகா, வாய் பஞ்சாயத்து லவுட்ஸ்பீக்கர் என்று கூட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். கூட்டம் என்றால் உப்புயாளி நாவலின் வாசகர் கூட்டம். நாலு பாகம் வந்துவிட்டது, அஞ்சாம் பாகம் வருகிற வரைக்கும் ஞாயிறு மதியம் ஆளாளுக்கு அவரவர் வீட்டிலிருந்து போனில் கூடி, கதாநாயகி கொற்றி யாரைக் கட்டிக்கொள்வாள் என்று சண்டை போடுவோம். இன்றைக்கும் அதே சண்டைதான். டேஷ்போர்டின் மேல் என் கூடப்பிறந்த அக்கா சிந்துவின் போன் கிடக்கிறது, மஞ்சள் கவர் போட்டது. மதி அண்ணன் கூட்டத்தில் பேசி முடித்ததும் அந்தப் போனிலிருந்து சிந்து அக்கா குரலில் நான் அவரைக் கூப்பிட வேண்டும், தீவனக் குடோனுக்கு வரச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. "பேசத்தான் கூப்டறோம் சாமி, வேற என்ன" என்றார் சித்தப்பா.

பேசத்தான். பேசத்தான் பேசத்தான் என்று சித்தப்பா குரலிலேயே உள்ளே ஓட்டிப் பார்க்கிறேன், அவர் 'தா'வை அழுத்துவார், மாட்டு வியாபாரத்தில் துண்டுக்குள் கை போட்டவர் மாதிரி ஓர் அழுத்தம். வெளியே அவர் வெள்ளைச் சட்டை மரத்துக்கும் கேட்டுக்கும் நடுவே போய்ப்போய் வருகிறது. "நாலாம் பாகத்தோட கடைசிப் பக்கம், அதத்தான் இன்னைக்கு எடுத்திருக்கோம்" என்கிறாள் செலின் அக்கா, "பிள்ளையள் ஆராவது வாசியுங்க." யாரோ வாசிக்கிறார்கள், தப்புத் தப்பாக. நான் வாசித்திருந்தால் கொற்றி குரலில் வாசித்திருப்பேன், உப்புக்காற்றில் தொண்டை வறண்ட குரல், அதை நானே கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். கொற்றி படகில் நிற்கிறாள், யாளிப்படை துரத்துகிறது, படகின் அடித்தட்டில் அடிபட்டுக் கிடக்கிறான் இளவரசன் தழலன், துடுப்புப் போடுகிறவன் நாவன், அவன் வெறும் ஓடக்காரன், நாலு பாகமாக அவளைப் பார்ப்பதைத் தவிர எதுவும் செய்யாதவன். கொற்றி நாவனைப் பார்த்துச் சொல்கிறாள்: 'விடிவதற்குள் நாங்கள் கரை சேர்ந்துவிடுவோம்.' அதோடு பாகம் முடிகிறது. நாங்கள். 'நாம்' என்று சொல்லியிருந்தால் நாவனும் சேர்த்தி. 'நாங்கள்' என்றதால் அவன் சேர்த்தியில்லை, எதிரில் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவனிடமே நீ வரமாட்டாய் என்று சொல்கிற மாதிரி ஆகிவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்காகக் கூட்டம் ரெண்டாகப் பிளந்து கிடக்கிறது. அச்சுப்பிழை என்கிறது ஒரு கட்சி, மதி அண்ணனும் சிந்துவும் அதில். பிழையே இல்லை, அவனைக் காப்பாற்றத்தான் கழற்றிவிடுகிறாள் என்று இன்னொரு கட்சி, அதில் நான், வரதன் சார். நான் அதில் சேர்ந்ததே சிந்துவைக் கடுப்பேற்றத்தான். ராத்திரிச் சாப்பாட்டில் அவள் தோசை கேட்டால் "நாங்கள் சாப்பிட்டுவிட்டோம்" என்பேன், கொற்றி குரலில். தட்டாலேயே அடிப்பாள். "அடியே, நாலு பாகமா அவனக் கண்ணாலயே தின்னுட்டு, கடேசியில நாங்கங்கறதுக்கு அவ என்ன லூசா? அது நாமதான்டி." சொல்லும்போது மதி அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டு சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும், வியாழக்கிழமை வரைக்கும்.

வியாழக்கிழமை வீட்டுக்கு விஷயம் தெரிந்துபோனது. அம்மாவின் அழுகை, அதுவும் எனக்கு வரும், செய்ய மாட்டேன். சித்தப்பாதான் எல்லாம் பேசினார், சத்தமில்லாமல், கல்யாணச் சமையலுக்கு ஆள் பிடிக்கிற மாதிரி. அவன் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் எழுத்து எழுதுகிறவன், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துத் தெரு, அந்தத் தெரு என்று சொல்லும்போது தெருவின் பெயரைச் சொல்லாமல் கையை மட்டும் அந்தப் பக்கம் வீசினார். சிந்துவை மாமா வீட்டு மாடியறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். சாப்பிடவில்லையாம். கதவுக்கு அடியில் விரலை நீட்டினாள் என்று மாமா பெண் சொன்னாள், நான்கு விரல். மதி அண்ணனுக்கு அவள் போனிலிருந்து காய்ச்சல் என்று சித்தப்பாதான் டைப் பண்ணிப் போட்டார், மதி அண்ணன் நம்பவில்லை, 'ஒரே ஒருதடவ குரலக் காட்டு சிந்து, போதும்' என்று அனுப்பினார். குரல். அப்போதுதான் சித்தப்பாவுக்கு நான் ஞாபகம் வந்தேன். போன வருஷம் அத்தை மகன் கல்யாணத்தில் மைக்கைப் பிடுங்கி மொய் வாசிக்கிற சித்தப்பாவை அப்படியே செய்து காட்டினேன், மண்டபமே உருண்டது, அவர்தான் அதிகம் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து என்னைத் தூக்கிச் சுற்றினார். "இவொ நம்மூட்டு ரேடியோடா" என்றார். இன்றைக்குக் காலையில் அதே கையை என் தலையில் வைத்து, "பேசி முடிச்சுட்டா உங்கக்காள இன்னைக்கே உட்டர்றோம், ஆரும் அடிக்க மாட்டாங்க, என்ன?" என்றார். சரி என்றேன். யார்தான் சரி என்று சொல்லியிருக்க மாட்டார்கள், நான்கு விரல். ஆனால் வரும் வழியில் அவர் போனில் பேசினார். இப்போது குடோனுக்குள் காத்திருக்கிற அவருடைய ரெண்டு ஆட்களில் ஒருவரிடம்தான் பேசினார், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒரு கோழி லாரியின் கூண்டுகளை எண்ணுகிற மாதிரி இருந்தேன். "அதெல்லாஞ் செரி, அவன் வண்டிய என்ன பண்றது?" என்றார். அவ்வளவுதான். அப்புறம் தக்காளி விலையைப் பற்றிப் பேசினார். அவன் வண்டிய என்ன பண்றது. வண்டியை எதற்கு என்ன பண்ண வேண்டும்? பேச வருகிறவர் வண்டியில் வருவார், பேசிவிட்டு வண்டியில் போவார். நிழலில் நிறுத்துவதைப் பற்றிக் கேட்டிருப்பாரோ, வெயிலில் சீட் சுடும் என்று. மதி அண்ணனுடைய வண்டி சீட் சுடக்கூடாது என்று சித்தப்பாவுக்குக் கவலை. சிரிப்பு வருகிறது, வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. அவன் வண்டிய என்ன பண்றது. சித்தப்பா குரலில் ஓட்டிப் பார்த்தால் 'வண்டிய'வில் அழுத்தம் விழுகிறது. ஆளைப் பற்றி ஏற்கெனவே முடிவாகிவிட்டது, வண்டி மட்டும்தான் பாக்கி என்கிற அழுத்தம். ஒருவரை மாதிரிப் பேச வேண்டுமென்றால் அவர் எதை நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். நான் போய்ப் பார்த்துவிட்டேன்.

"வரதன் சார், நீங்க சொல்றது தப்புங்க" என்று மதி அண்ணன் குரல் இடது காதில் எழுகிறது. பட்டறையில் ஞாயிற்றுக்கிழமையும் யாரோ தகரம் தட்டுகிறார்கள், அவர் பின்னால் டங் டங் என்று கேட்கிறது. "அந்தப் படகுல மூணு பேர்தான் இருக்காங்க. ஒருத்தனுக்கு நெனவில்ல. அவ நாவனோட கண்ணப் பாத்துப் பேசறா. கண்ணப் பாத்துட்டு நாங்கன்னு சொல்ல முடியுங்களா? வாய் வருமா? நீங்க உங்க வீட்டம்மாவப் பாத்து நாங்க கெளம்பறோம்னு சொல்லுவீங்களா?" வரதன் சார்: "ஆக்சுவலா பாத்தீங்கன்னா..." எச்சில். "...டெய்லி சொல்லிட்டுத்தான் சார் ஆபீஸ் போறேன்." எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிக்கத் தோன்றுகிறது, அதுதான் பயமாக இருக்கிறது. ஒரு மெசேஜ் போடலாம். வராதீங்க, மூன்று வினாடி வேலை. போனை மடியில் தாழ்த்தி விரலை வைக்கிறேன், கண்ணாடியில் டொக் டொக். சித்தப்பா. குனிந்து சிரிக்கிறார். கண்ணாடியை இறக்குகிறேன். "என்ன பண்ற, காட்டு." காட்டுகிறேன். கூட்டத்துப் பெயர்களும் குட்டிக்குட்டிப் படங்களும்தான். "இதுல எவன் அவன்?" விரலால் தொடுகிறேன். லாரியில் தான் எழுதிய 'ஈ' எழுத்தைப் படமாக வைத்திருக்கிறார் மதி அண்ணன், வால் சுழித்த பெரிய மஞ்சள் ஈ. சித்தப்பா அதையே கொஞ்ச நேரம் பார்க்கிறார். "இத்தன பேரும் வேல வெட்டி இல்லாம இதத்தாம் பேசறாங்களா?" என்கிறார், உண்மையாகவே ஆச்சரியமாக. "ஆரு ஆரக் கட்டறதுன்னு?" ஆமா என்று தலையாட்டுகிறேன். "கதையில?" கதையில. அவருக்குச் சிரிப்பு. நான் கண்ணாடியை ஏற்றுகிறேன், அவர் அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்காருகிறார், சட்டையிலிருந்து வியர்வையும் விபூதியும். "செரி, எனக்குப் பட்டறையில கொஞ்சம் வேல இருக்கு, நான் மியூட்ல கேட்டுட்டு இருக்கேனுங்க" என்கிறார் மதி அண்ணன் காதில். மஞ்சள் ஈயின் மேல் சின்னச் சிவப்புக் கோடு விழுகிறது. முடிச்சுட்டானா என்று சித்தப்பா கண்ணால் கேட்கிறார். இல்லை என்று சொல்லலாம். எவ்வளவு நேரத்துக்குச் சொல்லலாம்? நான்கு விரல். முடிச்சுட்டாருங்க என்கிறேன். முடிச்சுட்டாருங்க. மதி அண்ணனுக்குப் போட்ட அந்த மரியாதை 'ரு'வுக்குச் சித்தப்பாவின் புருவம் ஏறி இறங்குகிறது.

சிந்துவின் குரல் தொண்டையிலிருந்து வராது. பேசுவதற்கு முன்னால் பல்லுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் தங்கும், அந்தத் தங்கல்தான் அவள், மற்றதெல்லாம் யாருக்கும் வரும். மஞ்சள் போன், ஸ்பீக்கர், சித்தப்பாவின் முழங்கை என் முழங்கையின் மேல். ஒரு ரிங்குக்குள் மதி அண்ணன் எடுக்கிறார். "சிந்து? சிந்து! என்னாச்சு உனக்கு, உசுரே போயிருச்சு எனக்கு." டங் டங் தகரச் சத்தம். நான் தங்குகிறேன், பல்லுக்குப் பின்னால், அவளுடைய அந்தச் சின்ன இடத்தில், உள்ளே இருட்டாக இருக்கிறது, அங்கே அவள் சாப்பிடாமல் கிடக்கிற மாதிரி இருக்கிறது. "ஒன்னுமில்ல, காய்ச்சல்தான்" என்கிறது என் வாய், அவள். சித்தப்பா தன்னையறியாமல் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். சொல்லு சொல்லு என்று கையை ஆட்டுகிறார். எங்க வீட்டுக் குடோனுக்கு வா, நான் தனியாக் காத்திருக்கேன் என்று சொல்ல வேண்டும், காலையிலிருந்து சொல்லிக்கொடுத்தது அதுதான். நான் தனியா. வாய் அதற்குப் போகும் வழியில் இன்னொன்று தட்டுகிறது, தட்டியதும் பிடித்துக்கொள்கிறேன். சித்தப்பாவுக்குக் காதில் விழாது, உலகத்திலேயே எங்கள் கூட்டத்து நாற்பது பேருக்குத்தான் விழும், அதிலும் மதி அண்ணனுக்கு நிச்சயம் விழும். "எங்க தீவனக் குடோனுக்கு வா மதி. நாங்க காத்திருக்கோம்." அந்தப் பக்கம் தகரம் தட்டுவது நின்றுவிட்டது. சித்தப்பாவின் முழங்கை அசையவில்லை, அவருக்கு ஒன்றும் புரியவில்லை, நாங்க என்றால் அவருக்கு நாங்கதான், மரியாதைக்குக்கூட நாங்க என்பார்கள் எங்கள் பக்கம். மதி அண்ணன் கேட்டுவிட்டார், அவருக்குப் புரிந்துவிட்டது, நீயில்லாத நாங்கள், வராதே, ஓடு. அப்புறம் மதி அண்ணன் சிரிக்கிறார். "நாங்களா? அடிப்பாவி! கடேசியில தங்கச்சிக் கட்சிக்குத் தாவிட்டியா? காய்ச்சல்ல கெடந்தவளுக்கு அவ வேப்பில அடிச்சு மாத்திட்டாளா?" சிரிப்பில் மூச்சு வாங்குகிறது அவருக்கு, மூன்று நாளாகச் சிரிக்காத ஆள் சிரிக்கிற சிரிப்பு. "இரு, நேர்ல வந்து உன்ன மறுபடி நாம கட்சிக்கு மாத்தறேன். பத்து நிமிசம். கூட்டத்தக் கேட்டுட்டே வர்றேன், மௌனி இன்னைக்கு வாயே தொறக்கல பாத்தியா, எங்கியோ பெரிய திட்டம் போட்டுட்டு இருக்கா." வைத்துவிட்டார்.

கெட்டிக்காரி என்கிறார் சித்தப்பா. என் கன்னத்தைத் தட்டுகிறார், மஞ்சள் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குகிறார், கேட்டுக்குப் போய்க் குடோன் பக்கம் பார்த்துக் கையைத் தூக்குகிறார், உள்ளே தகரக் கதவு நகர்கிறது. நான் என் போனில் மதி அண்ணனுக்கு அடிக்கிறேன், வராதீங்க வராதீங்க நான்தான் பேசினேன், ஒரே ஒரு டிக் விழுகிறது, ரெண்டு விழுகிறது, நீலமாகவில்லை, வண்டி ஓட்டுகிறவர் எப்படிப் பார்ப்பார். கூப்பிடுகிறேன், எடுக்கவில்லை. ஆனால் இடது காதில் கூட்டம் ஓடுகிறது, அதில் மஞ்சள் ஈ இருக்கிறது, ஹெல்மெட்டுக்குள் அவர் காதிலும் இதே செலின் அக்கா பேசிக்கொண்டிருக்கிறாள். மைக்கைத் தொடுகிறேன். "மதி அண்ணா. வராதீங்க. போன்ல பேசினது சிந்து இல்ல, நான். சித்தப்பா ஆளுங்களோட நிக்கிறாரு. திரும்பிப் போயிருங்க." கூட்டம் ஒருகணம் நிற்கிறது. "வாவ்" என்கிறார் வரதன் சார், "ஆக்சுவலா இது யாரு? அஞ்சாம் பாகத்துல வர்ற தங்கச்சி கேரக்டரா?" "ஆருக்க குரலு பிள்ளே இது?" என்று செலின் அக்கா கேட்கிறாள், "நாங்க கேட்டதே இல்லியே, புதுசால்லா இருக்கு." யாரோ கைதட்டுகிறார்கள், இன்னும் ரெண்டு பேர். மூன்று வருஷமாக இந்தக் கூட்டத்தில் கத்தியிருக்கிறேன், ஒருநாளும் நானாகப் பேசியதே இல்லை. "என்னோடதுதான், அக்கா, இது என் குரல், நெசமாலும்" என்கிறேன். கைதட்டல் இன்னும் பெரிதாகிறது. மஞ்சள் ஈயின் சிவப்புக் கோடு மறைகிறது, இயர்போன் வயர் பட்டனை அமுக்கியிருப்பார், காற்றும் இன்ஜினும் காதை அறைகின்றன, அதற்கு மேலே மதி அண்ணன் கத்துகிறார், சந்தோஷமாக: "மௌனீ! இதுவரைக்கும் பண்ணுனதுலயே இதான் பெஸ்ட்டு! அந்த நடுக்கத்த எங்கிருந்து புடிச்ச?"

வலது காதிலும் இன்ஜின் கேட்கிறது. முதலில் ஏசிச் சத்தம் என்று நினைத்தேன். அணைக்கிறேன், கேட்கிறது. பைபாஸ் திருப்பத்தில் ஒரு வண்டி கியர் மாற்றுகிறது, வலது காதில் முதலில், கொஞ்சம் பொறுத்து இடது காதில் அதே கியர். சித்தப்பா வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டுக்கு நடுவில் வந்து நிற்கிறார், முகத்தில் கல்யாண வீட்டு வாசல் சிரிப்பு. கண்ணாடி இறங்கும் மோட்டாருக்கு இவ்வளவு நேரமா? இடுப்புவரைக்கும் வெளியே நீட்டிவிட்டேன். கத்துகிறேன். போயிருங்க என்றுதான் கத்தினேன், வார்த்தையாக வந்ததா என்று தெரியவில்லை. ஒரு நொடி கழித்து அது மதி அண்ணன் போன் வழியாகச் சுற்றி என் இடது காதுக்கே வந்தது. யாரோ ஒரு சின்னப் பெண்ணின் குரல், கரகரத்து நடுவில் உடைந்து, அழகாகவே இல்லை. எனக்கு அதை அடையாளம் தெரியவில்லை. காதில் கைதட்டல் நின்றது. "மக்களே, சத்தம் போடாதிங்க" என்றாள் செலின் அக்கா, மூக்கில் ஏற்றாத குரலில், "இது வெளையாட்டு இல்ல. மதி, தம்பி, கேக்குதா, வண்டியத் திருப்பு. திருப்புடே!" ஹெல்மெட் என் பக்கம் திரும்பியது, சித்தப்பா பக்கம் திரும்பியது, அவருக்குப் பின்னால் குடோன் கதவிடுக்கில் நிற்கிற காலைப் பார்த்தது. மண்ணில் டயர் சரக்கென்று சறுக்கியது, வலதில் ஒருதரம், இடதில் ஒருதரம். சித்தப்பா நாலடி ஓடினார், நின்றார். வண்டிச் சத்தம் வலது காதில் சின்னதாகி, சின்னதாகி, ஒன்றுமில்லாமல் போனது. இடது காதில் அது குறையவே இல்லை, முழுசாக, பக்கத்தில், காற்றோடு ஓடிக்கொண்டே இருந்தது, நடுவில் ஹெல்மெட்டுக்குள் மூச்சுத் திணற அழுகிற சத்தம். நாற்பது பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா ரோட்டைப் பார்த்து நின்றுவிட்டு, மெதுவாகக் காரைப் பார்த்துத் திரும்பினார். இப்போது அவர் சிரிக்கவில்லை, கத்தவும் இல்லை. காலைச் சட்டென்று எடுத்து வைக்காமல், நேரம் நிறைய இருக்கிற ஆள் மாதிரி நடந்து வருகிறார். நான் கண்ணாடியை ஏற்றவில்லை. மைக்கையும் அணைக்கவில்லை.